நீ போட மறுத்த மாத்திரை

இன்று காலையில் பேத்தி குளியலறையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. நம் பேத்தி. நீ பார்க்காதவள். மூன்றாவது மாதம். குடலே மேலே ஏறி வருவதுபோன்ற அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தவள், பிரிட்ஜ் மேல் கிடந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினாள்.

"இன்னா தாத்தா அப்பிடிப் பாக்கற? வாந்திக்குத்தான். டாக்டர் குடுத்தது."

பிறகு மெதுவாக ஒரு தோசை தின்றாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எனக்கும் வயதாகிவிட்டது.

நான் சிதம்பரம் கடலூர் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்த வருஷம்தான் உன்னை எனக்குக் கட்டி வைத்தார்கள். மாமன் மகள் என்பதால் புதிதாகப் பழக ஒன்றும் இல்லை. சின்ன வயதில் கூப்பிட்டதுபோலவே கல்யாணத்துக்குப் பிறகும் 'மாமா' என்றுதான் கூப்பிட்டாய், நானும் உன்னை 'புள்ள' என்றுதான் கூப்பிட்டேன். கீரப்பாளையத்தில் நாம் இருந்த அந்த ஓட்டு வீட்டில் நீ, நான், புருஷனை இழந்து நம்மோடு வந்துவிட்ட என் அக்கா. மூன்று பேர்தான். நீ எட்டாவது வரை படித்தவள். நான் ஐந்தோடு நிறுத்தியவன். சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்தும்போதே "பேப்பர் கொண்டாந்தியா மாமா?" என்று கேட்பாய். பிரயாணிகள் யாராவது சீட்டில் விட்டுப்போன பேப்பரை உனக்காக மடித்துப் பையில் வைத்திருப்பேன். நீ விளக்கடியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாய். அக்கா முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்பாள். காவிரி மேட்டூரில் எத்தனை அடி, யார் மந்திரி, எங்கே ரயில் கவிழ்ந்தது, எல்லாம் உன் வாயால்தான் எங்களுக்குத் தெரியும்.

ஆடி முடிந்து ஆவணியில் உனக்குத் தலைசுற்றல் வந்தது. அக்கா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு நம் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். நீ ஒரு வாய் வைத்தாய். வைத்ததும் வாசலுக்கு ஓடினாய். எல்லோரும் சிரித்தோம். நீயும் வாயைக் கொப்பளித்துக்கொண்டே சிரித்தாய்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சிரிப்பு குறைந்துகொண்டே போனது. சோறு கொதிக்கும் வாசனை உனக்கு ஆகவில்லை. தாளிக்கிற வாசனை ஆகவில்லை. என் காக்கிச் சட்டையில் ஏறியிருந்த டீசல் வாசனை ஆகவே இல்லை. வாய்க்காலில் முங்கிக் குளித்து, சட்டையை அங்கேயே அலசிப் பிழிந்து சைக்கிளில் போட்டுக்கொண்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வருவேன். அப்படியும் நான் பக்கத்தில் வந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வாய். "கோச்சிக்காத மாமா" என்று கண்ணாலேயே கெஞ்சுவாய். நான் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறேன்? வாசல் பக்கமாக எட்ட உட்கார்ந்தே உன்னோடு பேசிப் பழகிக்கொண்டேன்.

உன் வயிற்றில் தங்கியது பொரி ஒன்றுதான். உப்பில்லாத வெறும் பொரி. அதுவும் நாலு நாலாக, பறவை கொத்துவதுபோல. கடலூரில் பஸ் நிற்கும்போது ஓடிப்போய்ப் பொரி வாங்கி வருவேன். "அந்தப் பொரி நல்லா மொறுமொறுன்னு இருக்குது மாமா" என்று ஒருநாள் சொன்னாய் என்பதற்காக வேறு கடையில் வாங்கியதே இல்லை.

அக்காவுக்கு முதலில் உன்மேல் எரிச்சல்தான். "மசக்கை வராத பொம்பள யாருடி? நான் வாந்தி எடுத்துக்கினே நாத்து நட்டவ. நீ இன்னாடான்னா படுத்துக் கெடக்கற" என்பாள். நீ எதிர்த்துப் பேச மாட்டாய். எழுந்து போய் விளக்குமாற்றை எடுப்பாய். பாதி வாசல் பெருக்குவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உன் வளையல்கள் முழங்கை வரை ஏறியிறங்க ஆரம்பித்த பிறகுதான் அக்காவின் வாய் அடங்கியது. பிறகு அவளே கொல்லையில் அடுப்பை மாற்றி வைத்தாள். காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் சோறு வடிக்க மாட்டாள்.

அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் அன்று நீ வாய்விட்டுப் படிக்கவில்லை. படுத்தபடியே பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாய். "இன்னா போட்டிருக்கான்?" என்று அக்கா கேட்டாள். "ஒண்ணும் இல்ல அண்ணி" என்று மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டாய்.

இரண்டொரு நாளில் உன்னை மாட்டு வண்டியில் வைத்துச் சிதம்பரம் கீழவீதியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயதானவர், பொறுமையானவர். உன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "தண்ணியாவது தங்குதாம்மா?" என்று கேட்டார். நீ இல்லை என்று தலையாட்டினாய். காகிதத்தில் மாத்திரை மடித்துக் கொடுத்தார். மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மாத்திரைகள். "காலையில எழுந்ததும் ஒண்ணு, படுக்கறப்ப ஒண்ணு. வாந்தி கட்டுப்படும்" என்றார்.

அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். "இது அந்த மாத்திரைங்களா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவரும் பேப்பர் படித்திருக்கிறார். "இல்லம்மா. அது வேற, இது வேற. இதுல பயமே இல்ல" என்றார். நீ தலையை ஆட்டினாய். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

திரும்பி வரும் வழியில் வண்டியில் கேட்டேன். நீ சொன்னாய். வெளிநாட்டில் மசக்கை வாந்திக்கென்று ஒரு மாத்திரை கொடுத்தார்களாம். அதைப் போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கை வளராமல், கால் வளராமல் குழந்தைகள் பிறந்தனவாம். "தோள்லயே வெரலு மொளச்சிருக்குதாம் மாமா" என்று சொல்லி உன் தோளைத் தொட்டுக் காட்டினாய்.

"அதான் டாக்டரு இது வேறன்னு சொல்றாரே."

"சொல்றாரு."

"அவருக்குத் தெரியாமலா குடுப்பாரு?"

"அந்த ஊரு டாக்டருங்களும் தெரியாமதான் மாமா குடுத்தாங்க."

நான் அந்த மாத்திரைக் காகிதத்தை வேட்டி மடியில் பத்திரமாக முடிந்துகொண்டேன்.

வீட்டில் நான் கெஞ்சினேன். அக்கா கெஞ்சினாள். உன்னை வாய்க்கு வாய் திட்டிய அந்த அக்கா, உன் கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து, "கால்ல வுழறேண்டி, ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாரு. ஒத்துக்கலன்னா வுட்டுடலாம்" என்றாள். நீ அவள் கையை எடுத்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டாய்.

"எனக்கு வாந்திதான அண்ணி? அஞ்சாறு மாசம். அது முடிஞ்சிபூடும். புள்ளைக்குக் கை இல்லன்னா அது ஆயுசுக்கும் இல்லாமதான இருக்கும்?"

மறுநாள் மழை. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், அந்தக் காகிதத்தைப் பிரித்து மாத்திரைகளை முற்றத்தில் போட்டாய். ஓட்டுத் தண்ணீர் விழுந்து அவை கரைந்தன. மஞ்சளாக ஒரு கோடு தாழ்வாரம் ஓரமாக ஓடி, சேற்றில் கலந்துபோனது. பிறகு வந்து படுத்துக்கொண்டாய். உன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி மழையில் பொரியும் தங்காமல் போயிற்று. உதடு வெடித்துக் கறுத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தால் மயக்கம். கீழவீதி டாக்டர், இனி வீட்டில் வைத்திருக்கக்கூடாது, கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நரம்பில் தண்ணீர் ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் வேலை பார்த்த அதே பஸ்ஸில்தான் உன்னை ஏற்றினேன். டிரைவர் நல்ல மனுஷன். புதுச்சத்திரம் தாண்டி ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி, தொட்டில் ஆட்டுவதுபோல இறக்கி ஏற்றினார். யாரும் "சீக்கிரம் போப்பா" என்று சொல்லவில்லை. ஒரு பாய் கடைசி சீட்டிலிருந்து எழுந்து வந்து, தன் துண்டை மடித்து உன் தலைக்கு அணை கொடுத்தார். நான் டிக்கெட் போட்டுக்கொண்டே உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் காக்கிச் சட்டை பக்கத்திலேயே இருந்தும் அன்று நீ மூக்கை மூடவில்லை. அதற்கும் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் பாட்டில் மாட்டும்போது நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இதுல இன்னா இருக்குது?"

"உப்புத் தண்ணியும் சர்க்கரைத் தண்ணியும்தாம்மா."

"மருந்து கலக்கலியே?"

"கலக்கலம்மா, படு."

அவர்கள் உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் ஏறினால் கொஞ்சம் தெளிந்துவிடுவாய். வீட்டுக்கு அழைத்து வருவோம். வாடுவாய். மறுபடி பஸ். தையில் வயிறு கொஞ்சம் தெரிந்தது. குழந்தை அசைகிறது என்று என் கையை எடுத்து வைத்தாய். "உதைக்குது பாரு மாமா. கால் இருக்குது" என்றாய். அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து நீ சத்தமாகச் சிரித்தாய்.

மாசியில், நாள் நிறைவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. அதே ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. கோழிக்குஞ்சு மாதிரி, தோல் மட்டும் போர்த்த ஒரு ஜீவன். அழக்கூட அதற்குச் சத்தம் போதவில்லை. உனக்கு ரத்தம் நிற்கவில்லை. உடம்பில் இருந்ததே கொஞ்சம் ரத்தம். நான் ரத்தம் கொடுத்தேன், டிரைவர் வந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிக்காரர்களும் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள்.

என்னை உள்ளே விட்டபோது உன் கண் மூடியிருந்தது. அக்கா குழந்தையைத் துணியில் சுற்றி உன் பக்கத்தில் கிடத்தினாள். நீ கண்ணைத் திறக்காமலே கையை நகர்த்தினாய். துணிக்குள் விரலை விட்டு அதன் ஒரு கையைத் தேடிப் பிடித்தாய். விரல் விரலாகத் தடவினாய். பிறகு இன்னொரு கை. பிறகு கால். மூச்சு வாங்கி வாங்கி, பொறுமையாக, ஒன்றையும் விடாமல்.

"எல்லாம் இருக்குது மாமா. பாத்தியா? நான்தான் சொன்னேனே."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

அக்காதான் குழந்தையை வளர்த்தாள். பஞ்சில் சுற்றி, வெயில் காட்டி, சங்கில் பால் புகட்டி. பார்க்க வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். "வயித்துலயே பட்டினி கெடந்த புள்ள, நிக்குமா?" என்பார்கள். "அம்மாள முழுங்கிட்டு வந்திருக்குது" என்று சில வருஷம் கழித்து ஒருத்தி மகளின் காதுபடவே சொன்னாள். அப்போது அவளுக்கு விவரம் தெரியும் வயது. அக்கா அந்தப் பொம்பளையை விளக்குமாற்றோடு தெருக்கோடிவரை விரட்டினாள். ஆனால் சொல் விழுந்தது விழுந்ததுதான்.

மகள் பிழைத்து நின்றாள். மெலிவாக, மற்ற பிள்ளைகளைவிட ஒரு சாண் குட்டையாக. மார்கழி வந்தால் இழுப்பு. பள்ளிக்கூடத்தில் வெயிலில் நிற்க வைத்தால் மயங்கிவிழுவாள். என் பஸ் பள்ளிக்கூடம் பக்கம் போகாது என்றாலும், ஊர் திரும்பியதும் நேரே அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இருந்தும் படித்தாள். உன்னைப்போலவே பேப்பரை வாய்விட்டுப் படித்தாள். நான் ஒருவன் மட்டும் அதைக் கேட்க முடியாமல் வாசலுக்கு எழுந்து போவேன்.

அவளைக் கடலூரில் கட்டிக்கொடுத்தோம். அவள் உண்டானபோது அவளுக்கும் உன்னுடைய வாந்திதான். என் கையும் காலும் ஓடவில்லை. சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் மாத்திரை எழுதினார். நான் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பி வந்து கேட்டேன், இது குழந்தையை ஒன்றும் செய்யாதே என்று. உன் கதையை அன்றுதான் முதன்முதலாக ஒரு வெளி ஆளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "மாத்திரை மஞ்சளா, சின்னதா இருந்துதுன்னா சொல்றீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

"அது அனேகமா வைட்டமின் மாத்திரையாத்தான் இருக்கும்யா. அந்தக் காலத்துலயும் அதைத்தான் குடுப்பாங்க. இப்ப நான் எழுதியிருக்கறதுலயும் அதுதான் இருக்கு. அந்தப் பழைய டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "போட்டிருந்தாலும் அவுங்களுக்கு நின்னிருக்கும்னு சொல்ல முடியாது. சில பேருக்கு எதுக்குமே நிக்காது" என்று சேர்த்தார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். கீழவீதியில் தேர் நிற்கும் பக்கமாகப் போய், யாரும் பார்க்காத இடமாகத் தேடி நின்று அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று குழந்தை இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, செய்ய வேண்டிய காரியங்கள் இருந்தன.

மகள் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சோறு தின்றாள். நம் பேத்தி கொழுகொழுவென்று பிறந்தாள்.

ஐம்பது வயதுக்கு முன்பே மகளுக்குச் சர்க்கரை வந்தது. கூடவே ரத்த அழுத்தம். ஒல்லியான உடம்பு, இனிப்பைத் தொடாதவள், எப்படி வந்தது என்று சிதம்பரத்தில் ஒரு சின்ன வயது டாக்டர் யோசித்தார். "உங்க அம்மா உங்கள உண்டாயிருந்தப்ப சரியா சாப்பிடலியா?" என்று கேட்டார். வயிற்றிலேயே சத்தில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் இதெல்லாம் வர வாய்ப்பு ஜாஸ்தி என்கிறார்கள், ஆனால் இதனால்தான் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கையும் காலும் விரலும் சரியாக இருக்கின்றனவா என்று நீ தடவிப் பார்த்தாய். உள்ளே இருப்பதைத் தடவிப் பார்க்க யாரால் முடியும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டாள்.

"அம்மா இன்னாதாம்பா சாப்ட்டாங்க, நான் வயித்துல இருக்கறப்ப?"

"பொரி."

"பொரியா? வேற?"

"வேற எதுவும் நிக்கல."

பிறகு மெல்ல, "என்னாலதான் அம்மா செத்தாங்க இல்லப்பா?" என்றாள். அத்தனை வயதுக்குப் பிறகு, ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்த பிறகு, அந்தக் கேள்வியை அவள் இன்னும் வைத்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரைச் சொன்னேன். கீழவீதி டாக்டரைச் சொன்னேன். மாத்திரையை நீ மழையில் போட்டதைச் சொன்னேன். அவள் விரலை நீ ஒவ்வொன்றாகத் தடவியதைச் சொன்னேன். "நீ யாரையும் சாகடிக்கல. உங்கம்மா உன்னக் காப்பாத்தணும்னு அவளாவே முடிவு பண்ணா" என்றேன். அவள் தன் கையை விரித்து, விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடலூர் நெருங்கும்போது ஒன்று கேட்டாள்.

"அது கெட்ட மாத்திரையாப்பா?"

பஸ் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னது என் தொண்டைவரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் கண்கள் அவளுக்கு.

"ஆமாம்மா," என்றேன். "கெட்டதுதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப அம்மா பண்ணது சரிதான்" என்று சொல்லி, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.

சரிதான் என்றேன். இப்போது உன்னிடமும் அதையே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு நீ செய்தது சரிதான். மீதியை உனக்கும் தர வேண்டாம், அவளுக்கும் தர வேண்டாம் என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். இன்று உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ தாங்குவாய். அவளிடம் மட்டும் சொல்ல மாட்டேன், புள்ள. அது என்னோடு வரும்.